பஞ்சாட்சரம் வண்டிக்கு நிறம் பார்த்தது

வருஷம் அறுபத்தெட்டா அறுபத்தொன்பதா என்பதில் இப்போது உறுதியில்லை. அப்போது இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், சொல்லும்போதே தங்களை நம்பாமல் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். பங்குனி என்பது மட்டும் நிச்சயம், ஏகாம்பரநாதர் கோயிலில் கொடியேற்றி மூன்றாம் நாள். அன்று காலை பஞ்சாட்சரம் தன் பழைய பிக்கப் வண்டிக்கு அரக்கு நிறம் அடித்தார். பத்து மணிக்குள் அந்தத் தெருவிலிருந்த அரக்குப் பட்டு முழுவதும், தறியில் ஓடிக்கொண்டிருந்தது, பெட்டியில் மடித்திருந்தது, உடம்பில் கட்டியிருந்தது எல்லாம், அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. சரிகை மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு வடிவாம்பாள் முக்கால் நெய்த முகூர்த்தப் புடவையைத் தறியிலேயே விட்டுவிட்டு வந்து வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "நம்ம நெறம் இங்க வந்து குந்திக்கினு இருக்குது," என்றாள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பெயிண்டர் பரசுராமன் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தேய்க்க, தூள் தரையில் விழ விழ, புடவைகளில் நிறம் திரும்பியது. சாயங்காலத்துக்குள் வடிவாம்பாள் மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டாள்.

பஞ்சாட்சரம் முப்பது வருஷம் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவர். முட்டி இரண்டும் மடங்க மறுத்த பிறகு தறியைக் கொடுத்துவிட்டு, மிலிட்டரி ஏலத்தில் போன அந்த வண்டியை எடுத்தார். பட்டு நூல், நெல், கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றிப் பிழைக்கலாம் என்பது கணக்கு. இஞ்சின் நன்றாக இருந்தது, பாடிதான் துரு. துருவைச் சுரண்டிப் பட்டி வைத்துத் தேய்த்து முடித்தபோது வண்டியில் பேருக்குக்கூட ஒரு நிறம் மிச்சமில்லை. ஏதாவது ஒரு நிறம் அடித்துக் கொண்டுவந்தால் அதை வண்டிப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பதாக பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்னார். எழுதாமல் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது. அதுவரைக்கும் குடும்பம் அவர் மனைவி தில்லையம்மாளின் ராட்டையில் ஓடியது. நாலு வீட்டு நூலை வாங்கிக் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை இழைத்தாள். விரல் இடுக்கில் நூல் அறுத்த கோடு ஆறவே இல்லை.

அடுத்த மூன்று வருஷமும் நிறம் பார்ப்பதிலேயே போயிற்று. மாம்பழ மஞ்சள் அடித்தார்கள்; தெருப் பெண்கள் அத்தனை பேரின் தாலிக்கயிறும் ஒரே நேரத்தில் வெளுத்தது. அவர்கள் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியின் முன் நின்றார்கள், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. கிளிப்பச்சைக்குக் கோபுரத்துக் கிளிகள் சாம்பலாகிப் புறாக்களோடு இடத்துக்குச் சண்டை போட்டன, பயிர் வெளுத்துப்போன செவிலிமேட்டு வயல்காரர்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். நீலத்துக்குத் தெருவின் மேலே வானம் வெளுத்தது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சலவைக்கார வேலாயுதம் போட்ட நீலம் துணியில் ஒட்டாமல் போகவே அவர் விடவில்லை. கறுப்பு யாருக்கு வேண்டும் என்று துணிந்து அடித்த அன்று தெருவில் அத்தனை தலையும் நரைத்தது. எதிர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் இருபது வயதுப் பெண்ணைப் பார்த்துவிட்டுக் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். வெள்ளை என்று பேச்செடுத்ததுமே ஓரிக்கையிலிருந்து பால்காரர் துரைக்கண்ணு வந்து கேனை நடு வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு கட்சிக்காரர்கள் தங்கள் கொடி நிறத்தைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் பரசுராமன் அடித்தார், அன்றே சுரண்டினார், மிச்சப் பெயிண்டை மூடி போட்டு வண்டியின் பின்பக்கமே வைத்தார்.

பஞ்சாட்சரத்துக்குக் கோபமே வராது, தில்லையம்மாளுக்கு ஆகாதது அதுதான். பல நிற மாதிரி நூல் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வெங்காயத் தோலா, மயில் கழுத்தா, கத்தரிப்பூவா என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்பார். அவரவர் தங்களுக்கு வேண்டாததைச் சொன்னார்கள், அது அடுத்த வீட்டுக்கு வேண்டியதாக இருந்தது.

"இன்னாங்க, வண்டிக்கு நெறம் பாக்கறீங்களா, மாப்ள பாக்கறீங்களா?"

"பொறு தில்லை. யாருக்கும் தேவப்படாத நெறம்னு ஒண்ணு எங்கியாவது இருக்கும்."

"இருக்கும், இருக்கும். நா செத்தா எம்மூஞ்சில ஒரு நெறம் வரும். அத்த எடுத்து அடிங்க."

அவர் அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார். அதன் பிறகு ஒன்பது நாள் அந்த வீட்டில் ராட்டைச் சத்தம் மட்டும்தான்.

அந்த மௌனத்தில் கோபம் பாதிதான். மீதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய அப்பா கலியாணசுந்தரம் சாயம் போடுகிறவர். மகள் கல்யாணத்துக்கென்று, அந்த வருஷம் முழுக்க அண்டாக்களின் அடியில் தங்கிய சாயங்களை எல்லாம் ஒன்றாக ஊற்றி, ஒரே ஒரு புடவைக்கு நூல் நனைத்தார். வந்த நிறத்துக்குப் பெயர் இல்லை. மழை விட்ட பாலாற்று மணல் என்றார் ஒருவர், நாவல் பழத் தோலின் உட்புறம் என்றார் இன்னொருவர். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் இல்லை. எட்டு மாதத்தில் அவர் போய்விட்டார். அந்த நிறம் உலகத்திலேயே அவள் டிரங்குப் பெட்டிக்குள் மட்டும் இருந்தது. வருஷம் ஒருமுறை ஆடியில் வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி உள்ளே வைப்பாள். வேறு யாருக்கும் தேவைப்படாத நிறம் எது என்பது இரண்டாம் வருஷத்திலேயே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவரைத் திட்டினாள். அதனால் கொஞ்சம் அதிகமாகவே திட்டினாள்.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில் இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் வண்டியின் நம்பரை எடுத்துவிடுவார்கள், பிறகு அது பழைய இரும்பு. பஞ்சாட்சரம் கடிதத்தை மடித்து மாதிரி நூல் கட்டுக்குள் செருகினார். "சம்பூர்ணத்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திடலாமா?" என்றார். "இன்னொரு ராட்டை போட்டா அவளும் இழைப்பா." மகளைப் பற்றி அவர் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை தில்லையம்மாள் தெருவில் இறங்கி, பரசுராமனை அழைத்து, மூன்று வருஷத்து டப்பாக்களையும் இறக்கச் சொன்னாள்.

"எதுக்குக்கா?"

"எறக்குபா."

அரக்கு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் ஒரே அண்டாவில் ஊற்றிக் கிளறினாள். ஒரு சொட்டு எடுத்து, அப்பா ஈர நூலை வைத்துப் பார்க்கும் இடமான மணிக்கட்டின் உட்புறத்தில் தடவி வெயிலில் நீட்டிப் பார்த்தாள். மஞ்சள் கொஞ்சம் விட்டாள். மறுபடி பார்த்தாள். நடு மத்தியானத்துக்கு அப்பாவின் நிறம் வந்துவிட்டது. மணிக்கட்டைத் துடைக்காமல் நின்றாள், பிறகு அடிக்கச் சொன்னாள்.

அடித்து முடித்தும் பரசுராமன் உப்புத்தாளைக் கீழே வைக்கவில்லை. தெரு முழுக்கத் தன் தன் நஷ்டத்துக்காக வாசலில் காத்திருந்தது. கிளிகள் பச்சையாகவே பறந்தன. வடிவாம்பாள் தறியைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், கண்ணாடியில் தலையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலியே தில்லை. யார் வூட்டு நெறம் இது?"

"யார் வூட்டுதோ."

மறுநாள் காலையில் பெயிண்ட் காய்ந்திருந்தது. பஞ்சாட்சரம் பானட்டில் கை வைத்தபடி வெகு நேரம் நின்றார். அந்தப் புடவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாலி கட்டியவர் அவர்.

"தில்லை, இது நம்ம கல்யாணத்துல..."

"வண்டிய எடுங்க. பதினோரு மணிக்கு மேல அந்த ஆளு சீட்ல இருக்க மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார், நிறத்தின் பெயரைக் கேட்டார், பதில் வராததால் புத்தகத்தில் 'நேரில் கண்டபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வண்டி எழுபத்தொன்பது வரைக்கும் ஓடியது. பரசுராமன் வண்டி பெயிண்டை விட்டுவிட்டுக் கடை போர்டு எழுதப் போனார். வடிவாம்பாள் அரக்கே நெய்தாள். கோபுரத்தில் கிளிகளும் புறாக்களும் பச்சை அடித்த அன்று தொடங்கிய சண்டையை நிறுத்தவில்லை. பஞ்சாட்சரம் அதன் பிறகு யாரிடமும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. சம்பூர்ணம் படித்து முடித்து டீச்சர் டிரெயினிங் போனாள். அவள் கல்யாணத்துக்குத் தில்லையம்மாள் பெட்டியைத் திறந்து அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டாள். சரிகை மட்டும் மின்னியது, புடவை அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் தொட்டுப் பார்த்து, நிறம் எங்கே என்று கேட்டார்கள். பாத்திரம் இறக்கிக்கொண்டு வாசலில் நின்ற வண்டியைக் காட்டினாள். அவர்கள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், நல்ல நிறம் என்றார்கள், பந்திக்கு உட்கார்ந்தார்கள்.