தையல் அறையில் ஒரு ரெக்கார்டு பிளேயர்

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. பல் துலக்கிக்கொண்டே அந்தச் சின்ன அறைக்குள் ஒரு எட்டு, காப்பி டம்ளரோடு ஒரு எட்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு எட்டு. அங்கே புதிதாக ஒன்றும் முளைத்துவிடவில்லை. வைத்தது வைத்தபடி இருந்தது. இடுப்பு உயரத்துக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டு, முகப்பில் முள் ஆடும் மீட்டர்கள் வைத்த ஆம்ப்ளிஃபயர், கண்ணாடி மூடி போட்ட ரெக்கார்டு பிளேயர். எல்லாம் அவன் பிறப்பதற்கு முன்னால் செய்த சாமான்கள்.

ஒரு பழைய ஹோட்டலின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், கிழிந்த மெத்தைகளுக்குப் பின்னால் அவை அநாதையாகக் கிடந்தன. "எடுத்துட்டுப் போங்க, இடமாவது மிச்சம்" என்றார் மேனேஜர். அவர் வாய் மூடுவதற்குள் இவன் ஒரு ஸ்பீக்கரைத் தோளில் ஏற்றிவிட்டான். அதன்பிறகு வேலை விட்டு வந்தால் பால்கனிதான் அவனுக்குக் கதி. வீங்கிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினான். இற்றுப்போன பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினான். ஸ்பீக்கரின் விளிம்பில் மக்கிக் கிடந்த ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்து வேறு ஒட்டினான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உயிர் வந்தது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பாட பால்கனியில் இடம் இல்லை.

இடம் இருந்தது மனைவியின் தையல் அறையில். அவள் திரைச்சீலை தைப்பவள். ஆபீஸ், கிளினிக், கல்யாண மண்டபம் என்று ஊரில் பாதி ஜன்னலில் அவள் தைத்த துணிதான் தொங்கியது. அந்த அறையில் துணிச் சுருள்கள் சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்கும், நடுவில் மெஷின், மெஷினுக்குப் பின்னால் எங்கோ அவள். அந்த அறையை அவன் கேட்டான். விடாமல் கேட்டான். கடைசியில் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சரி. காலி பண்ணித் தரேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து கேப்பேன். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு என் வாயால சொல்றேன். இல்லன்னா இதெல்லாம் கிளம்பிடணும், என் ரூம் எனக்கு."

அந்த வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும். மனசு நோகுமே என்று பார்க்கிற வாய் இல்லை அது. நாத்தனார் ஆசையாகப் புதுச் சோபாவைக் காட்டியபோது, "ஓரத்துல தையல் விட்டிருக்கே" என்று சொல்லிவிட்டு வந்தவள்.

ஆனாலும் அவன் கவலைப்படவில்லை. அறையைத் துடைத்து எடுத்தான். ரெக்கார்டு ஊசிக்கு நூல் பிசிறு எமன் என்று எங்கோ படித்திருந்தான். அதனால் துணிச் சுருள் போயிற்று, பாய் போயிற்று, ஜன்னல் திரை போயிற்று, தூசி ஒட்டாமலிருக்கச் சுவரில் பளபள பெயிண்ட் ஏறிற்று. அவள் மெஷினும் துணியும் ஹாலுக்கு வந்து சேர்ந்தன. நாடக அரங்கு ஒன்றுக்கு அவள் தைத்துக்கொண்டிருந்த கனத்த வெல்வெட் திரைகள் சோபாவை மூடி, சாப்பாட்டு மேஜையை மூடி, டிவியையும் பாதி மூடிவிட்டன. வீட்டில் உட்கார ஒரு மூலை பாக்கியில்லை.

மத்தியானம் மச்சான் வந்து இறங்கினான், லோடு வண்டியோடு. அவள் தம்பி. வாய் அக்காவுடையதேதான், கொஞ்சம் சிரிப்பு மட்டும் கூட.

"வண்டிய ரிவர்ஸ்லயே போட்டு வச்சிருக்கேன் மாமா. தூக்கிப் போட வசதியா இருக்கும். காயலான் கடைக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"கேட்டுட்டுப் பேசு மச்சான்."

மூன்று பேரும் அறைக்குள் நின்றார்கள். அவன் இசைத்தட்டை எடுத்தான். ஒரு பெண் பாடுகிற பழைய பாட்டு. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினான். லேசான பொரிச்சல். மீட்டர் முட்கள் துள்ளி எழுந்தன. பால்கனியில் குனிந்து குனிந்து வாங்கிய முதுகுவலியெல்லாம் அந்தத் துள்ளலில் அவனுக்கு மறந்தது.

பிறகு தட்டிலிருந்த பெண் பாடினாள். பாடினாள் என்று சொல்வதா, தகர டப்பாவைத் தட்டினார்கள் என்று சொல்வதா. ஒரு சொல் முடியும் முன்னே அதன் வால் சுவரில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. தாளம் தட்டுமுட்டுச் சாமான் உருளுவதுபோல் உருண்டது. மச்சான் சட்டைப்பையிலிருந்து கையகல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து, தன் போனிலிருந்து ஏதோ ஒரு பாட்டைப் போட்டுக்காட்டினான். மனசாட்சியோடு சொன்னால் அதுவே தேவலை.

"வாளிக்குள்ள தலைய விட்டுட்டுப் பாடுற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. கிண்டலாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னாள். "சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. பாருங்க."

அவன் பார்த்தான். வயரை மாற்றினான், ஊசியின் எடையைச் சரிபார்த்தான், ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தான். எதிலும் குறை இல்லை. இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் முனகினால் எந்த மாடியில் எந்த போல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவன், சொந்த வீட்டில் திருதிருவென்று விழித்தான். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அழுகை வரும்போல் இருந்தது அவனுக்கு. தோற்றுப்போன கையாலேயே மறுபடி ஊசியை வைத்தான்.

ஹாலில் மச்சான் புலம்பினான். "அக்கா, மனுஷன் எங்கதான் உக்காருறது?"

"இரு, இத எடுத்துடறேன்." அவள் வெல்வெட் மடிப்புகளை மார்போடு அள்ளிக்கொண்டாள். முகவாய் வரை துணி. அப்படியே சின்ன அறைக்குள் நுழைந்தாள். "ஏங்க, உங்க பளிங்கு மாளிகையில இத கொஞ்ச நேரம் வச்சுக்கறேன். நாளைக்குக் காலைல போயிடும்."

அவன் சட்டென்று தலையை நிமிர்த்தினான். பாட்டு மாறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் மாறியிருந்தது.

"அங்கயே நில்லு" என்றான்.

"கை வலிக்குது."

"இப்ப வெளிய போ."

"என்னது?"

"வெளிய போயிட்டு, திரும்ப உள்ள வாயேன்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். வாளிச் சத்தம் திரும்பி வந்தது. அவள் நுழைந்தாள். வாளி பாதி காணாமல் போனது. "இன்னொரு தடவை" என்றான். அவளும் போனாள், வந்தாள். இந்தமுறை வாசற்படியிலேயே நின்று தலையைச் சாய்த்தாள். அவளுக்கும் கேட்டுவிட்டது.

"மாமாவுக்கு முத்திடுச்சு" என்றான் மச்சான்.

மெக்கானிக் கையைத் தட்டிப் பார்த்தான். வெறும் சுவர் பக்கம் தட்டினால் டிர்ர் என்று ஒரு நடுக்கம் திரும்பியது. துணிப் பக்கம் தட்டினால் தட்டல் மட்டும். லிஃப்ட் ஓடுகிற கிணற்றில் ஸ்பேனர் தவறி விழுந்தால் அந்தச் சத்தம் மேலும் கீழும் எத்தனை நேரம் அலையும் என்று அவனுக்குத் தெரியாதா? பார்த்துப் பார்த்துத் துடைத்து, அந்த அறையையும் அவன் ஒரு கிணறாக ஆக்கி வைத்திருந்தான்.

"எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்று கத்தினான். "மச்சான், எழுந்திரு."

அடுத்த சில நிமிடங்களுக்கு வீடு வீடாக இல்லை. அவன் ஜன்னல் கம்பியில் துணியைத் தொங்கவிட்டான், மனைவி கதவின்மேல் மடித்துப் போட்டாள், மச்சான் மூச்சு வாங்க ஹாலுக்கும் அறைக்கும் ஓடினான். "கசங்கக் கூடாதுடா" என்று அவள் அதட்டினாலும், அவளும்தான் ஓடினாள். பின்சுவர் முழுக்க அரக்குச் சிவப்பில் திரை இறங்கியது.

ஊசி இறங்கியது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், காலி இடத்தில், அந்தப் பெண் வந்து நின்றாள். வரியைத் தொடங்குமுன் அவள் இழுத்த மூச்சு கேட்டது. தாளம் தரை வழியாக வந்து உள்ளங்காலைத் தொட்டது. மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மச்சானின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

மனைவி திரையின் ஓரத்தை விரலால் நீவினாள். "இது நாளைக்குக் காலைல போயிடும்ங்க" என்றாள்.

அவன் கை நின்றது. போய்விடும். நாளை ராத்திரி மறுபடியும் வாளி. அவன் அறையைப் பார்த்தான். திறந்த கதவு வழியே ஹாலில் ஓரங்கட்டிக் கிடந்த அவள் மெஷினைப் பார்த்தான். பிறகு ஊசியைத் தூக்கி வைத்துவிட்டுப் போய் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

"மச்சான், அந்தப் பக்கம் பிடி."

"வண்டிக்கா மாமா?"

"ரூமுக்கு."

அவள் குறுக்கே வந்து நின்றாள். "பிசிறு பறக்கும். ஊசிக்கு எமன்னு சொன்னீங்களே."

"பறக்கட்டும். மூடி இருக்கு, பிரஷ் இருக்கு, நான் துடைச்சுக்கறேன். உன்னை வெளிய அனுப்பிட்டு நான் என்னத்தைக் கேட்டேன்? இந்தத் துணி போனா அடுத்த துணி வரும். நீ உள்ள வந்துடு."

அவள் வழிவிட்டு நகர்ந்தாள். மெஷினை எங்கே வைப்பது என்று மட்டும் கை காட்டினாள். பின்சுவரை ஒட்டி, இரண்டு ஸ்பீக்கரும் நேராகப் பார்க்கிற இடத்தில். அவன் நாற்காலி போட்டிருந்த இடம் அது. அவன் நாற்காலியை மடக்கி வெளியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது.

பாதியில் மச்சான் வாயைத் திறந்தான். "அக்கா, நல்லா இருக்கா இல்லையா? ஒண்ணு சொன்னீன்னா நான் வண்டிய எடுப்பேன்."

"சும்மா இருடா. பாடுறாங்கல்ல."

மச்சான் அடங்கிப்போனான். பாட்டு முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. அவள் கால் மெஷின் பெடலின் மேல் இருந்தபடியே இருந்தது, ஒருமுறைகூட அழுத்தவில்லை. கடைசியில் ஊசி பாட்டு முடிந்த வெறும் கோட்டில் டொக் டொக்கென்று சுற்றத் தொடங்கியது. மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தான். கேட்கப் பயமாக இருந்தது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றாள் அவள்.

அவன் மூடியைத் திறந்தான். தட்டைத் திருப்பிப் போட்டான்.