பத்தாவது ஆள்

நாகவல்லிக்கு பிசிக்ஸ் சுட்டுப் போட்டாலும் வராது. பதினோராம் கிளாஸோடு பள்ளிப்படிப்பு முடிகிற அந்தக் காலத்தில், பத்தாங் கிளாஸில் அந்த குரூப் வேண்டுமென்று அவள் கேட்கவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம்தான் பிசிக்ஸ் புதிதாக வந்தது. பத்துப் பேர் சேர்ந்தால் நடக்கும், இல்லாவிட்டால் குரூப்பையும் மூடி வாத்தியாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தேறியதோ ஒன்பது பேர். அப்புறமென்ன, சண்முகசுந்தரம் வாத்தியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக மண்ணூர்பேட்டையில் அவள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார்.

"பிசிக்ஸ் படிச்சா ஆவடி டேங்க் பேக்டரியில உக்காந்து பாக்குற வேலைங்க" என்றார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு சுமக்கிற அப்பா கன்னியப்பன் அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க டமாரம். மகளிடம் மட்டும் தனியாகச் சொன்னார்:

"தபாரு, ஒரே தபாதான். பாஸாயிட்டா மேல படி. பெயிலாயிட்டா எங்கூட எஸ்டேட்டுக்கு வந்துடு, தகரம் பொறுக்கலாம்."

டீச்சர் டிரெயினிங் போக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. சரித்திரமென்றால் கடகடவென்று ஒப்பிப்பாள். இங்கேயோ யூ, வி, டி என்று எழுத்தை வைத்துக்கொண்டு இப்படித் தள்ளு, அப்படிப் பெருக்கு என்று உயிரை எடுத்தார்கள். காலாண்டிலோ அரையாண்டிலோ பெயிலானவர்கள் குரூப் மாற்றிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டாள். காலாண்டில் எப்படியும் பெயில்தான் என்று நிம்மதியாக இருந்தாள்.

நாற்பது மார்க் வந்தது, பாஸ். அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

பக்கத்து பெஞ்சு சாமுண்டீஸ்வரி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். மாடியிலிருந்து மேலே எறிந்த கல் எப்போது தரையில் விழும் என்பது கணக்கு. மூன்று செகண்டு, மைனஸ் ரெண்டு செகண்டு என்று இரண்டு விடை வந்ததில் நாகவல்லி மைனஸைப் பிடித்துக்கொண்டு, அதுதான் விடையென்று அடியில் கோடு போட்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில் சிவப்பில் பெரிய டிக்.

"இன்னாடி இது! எறியறதுக்கு மின்னாடியே கல்லு வுழுந்துடுச்சா?"

நாகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே வாத்தியார் டிக் போடுவார். பதினோராம் கிளாஸ் சர்க்கார் பரீட்சைத் தாளை எங்கேயோ இருக்கிற யாரோ அல்லவா திருத்துவார்கள்!

அந்தத் தாளோடு ஹெட்மாஸ்டர் திருவேங்கடத்தின் அறைக்கு ஓடினாள்.

"சார், நான் சரித்திர குரூப்புக்குப் போறேன் சார்."

"பாஸாயிருக்கியேம்மா. பெயிலானாத்தான் மாத்த முடியும். கையில என்ன தாள்?"

வாசலில் நிழல் தட்டியது. சண்முகசுந்தரம் வாத்தியார் கையில் சாக்பீஸோடு நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. தாளை நீட்டினால் போதும், அவள் தப்பித்துவிடலாம். அவர் வேலை அத்தோடு போய்விடும். பாழாய்ப்போன கை நீளமாட்டேன் என்றது.

"ஒண்ணுமில்ல சார்" என்று வெளியே வந்துவிட்டாள்.

தாழ்வாரத்தில் வாத்தியார் பின்னாலேயே வந்தார். "நீ நல்லா இருப்பேம்மா. வீட்ல கைக்குழந்தை..."

"சார், நான் உங்களைக் காட்டிக்குடுக்கல. எனக்கு என்னா மார்க்கோ அத மட்டும் போடுங்க. அது போதும்."

"சரிம்மா. சத்தியமா."

அரையாண்டு வந்தது. அவருக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமென்று நாகவல்லி பேரையும் நம்பரையும் மட்டும் எழுதிவிட்டு, வெறுந்தாளை அவர் கையிலேயே கொடுத்தாள். மனசு லேசாகிவிட்டது. சாமுண்டீஸ்வரியிடம் அவள் அக்காவின் பழைய சரித்திரப் புத்தகம்கூடக் கேட்டு வைத்தாள்.

லீவு முடிந்து முதல் நாள் வாத்தியார் மார்க் படித்தார். ஒன்பது பேருக்கும் தாள் கைக்கு வந்தது. அவள் தாள் மட்டும் வரவில்லை.

"நாகவல்லி, நாப்பது" என்றார், தலையைத் தூக்காமலே. அப்புறம் போர்டு பக்கம் திரும்பி அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தார்.