கால் மட்டும் நனைத்தவன்

நான் இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே உறுதியில்லை. பொதிகை மலையின் உச்சிக்குக் கீழே, மூடுபனிக்குள் ஒரு மணி ஒலித்தது என்று நான் சொல்வேன். கூட இருந்த ஜேசுதாசன் அப்படி எதுவும் கேட்கவில்லை என்பான். ஒரு பெண் என் சொல்லை நம்பி வீட்டை விட்டு இறங்கினாள். அதனால் அந்த ஒலியை இத்தனை வருடங்களாக மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் தேய்ந்துபோகிறது.

தொண்ணூற்றாறாம் வருடம், மாசி மாதம். பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர் பொதிகை ஏறக் கிளம்பினோம். பட்டாபி கல்லிடைக்குறிச்சிக்காரன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தளவாய் அம்பாசமுத்திரத்தில் மின்சாதனக் கடை வைத்திருந்தான். ஜேசுதாசனுக்குப் போட்டோ ஸ்டுடியோ. எனக்கு அப்போது வேலை இல்லை. பொழுதெல்லாம் நூலகத்தில் கிடந்தேன்.

பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் பஸ்ஸில் தளவாய் என் காதோரம் குனிந்தான். அவனுக்கும் பட்டாபியின் தங்கை பார்கவிக்கும் இருந்த பழக்கம் எனக்கு முன்பே தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம் என்பது தெரியாது. மாப்பிள்ளை பம்பாய்.

"ரிஜிஸ்தர் ஆபீசுல முடிச்சிருவோம், வந்திருன்னு சொன்னேன். வருவாளாம். ஆனா அண்ணனுக்குத் தெரியாம படி எறங்க மாட்டாளாம். அது திருட்டுங்கா."

"அவளே சொல்லலாம்லா?"

"அவ பேச்சை ஆரம்பிச்சாலே இவன் துண்டைத் தூக்கிட்டு ஆத்துக்குப் போயிருதானாம். சம்மதிக்க வேண்டாம், காது குடுத்துக் கேட்டாப் போதும்ங்கா. நான் சொல்லிருதேன்னுட்டு வந்திருக்கேன். மலை எறங்குததுக்குள்ள சொல்லணும்லே."

அதற்குப் பிறகு என்னால் ஜன்னலுக்கு வெளியே பார்க்க முடியவில்லை. முன் சீட்டில் பட்டாபியின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பேசிக்கொண்டே வந்தான். அதுதான் வினோதம். நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன், அணையின் கொள்ளளவைச் சொன்னான், பரீட்சைத்தாள் திருத்துவதைச் சொன்னான். அணையைக் கடக்கும் படகில் தளவாய் தொண்டையைச் செருமினான். "பட்டாபி, ஒரு விஷயம்..."

"இந்த வருஷம் தண்ணி கம்மிதாண்டா. அந்தப் பாறை பாரு, எவ்வளவு தெரியறது!" என்றான் பட்டாபி. தளவாய் பாறையைப் பார்த்தான்.

படகை விட்டு இறங்கிக் காட்டுவழியே நடந்து இஞ்சிக்குழியில் தங்கினோம். காலையில் வழிகாட்ட, அந்த மலையிலேயே வாழும் காணிப் பழங்குடிக்காரர் ஒருவர் வந்தார். புறப்படும் முன் ஆற்றில் குளித்து எழுந்ததும், ஈர வேட்டியோடு கரையில் நின்று பட்டாபி சொன்னான்.

"எங்காத்துல மலை ஏறினவா எல்லாரும் மௌனமாத்தான் ஏறியிருக்கா. இங்கேருந்து உச்சிக்குப் போய், பூஜையை முடிச்சுட்டு, திரும்பி வந்து இதே ஆத்துல குளிக்கற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கப்படாது. ஒத்துண்டா வாங்கோ. இல்லேன்னா நான் இப்படியே திரும்பறேன்."

"ஏலே, என்னைய மூச்சு விடாம ஏறச் சொல்லுத மாதிரில்லா இருக்கு" என்றான் ஜேசுதாசன். "நான் வேதக்காரன்வே. எனக்கும் சேத்தா?"

"உனக்குத்தான் முதல்ல."

"அட்டை கடிச்சா?"

"பேசாம பிடுங்கிப் போடு."

நான் சிரித்தேன். தளவாய் சிரிக்கவில்லை. எங்களில் அகத்தியர்மேல் உண்மையான பயம் உள்ளவன் அவன்தான். ஆண்டுதோறும் பாபநாசத்தில் மொட்டை போடுகிறவன். பட்டாபிக்கு அது தெரியும். செம்பில் ஆற்று நீரை மொண்டு நீட்டினான். தொட்டுச் சத்தியம் செய்தோம். தளவாயின் கை கடைசியாக வந்தது.

அப்படித்தான் நடக்கத் தொடங்கினோம். எனக்கு மௌனம் பிடிக்கும். வீட்டில் நாள்முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் அந்த மௌனத்தில் என்னால் இருப்புக்கொள்ள முடியவில்லை. இலைச் சருகு, மூச்சு, செருப்பு, ஓடை. முன்னால் பட்டாபி, தோளில் பூஜைப் பை. ஒவ்வொரு அடிக்கும் அதற்குள் மணி மெல்லக் குலுங்கியது. பின்னால் தளவாய். பட்டாபி நிற்கும் இடத்திலெல்லாம் அவன் பக்கத்தில் போய் நிற்பான். பட்டாபி உடனே நடக்கத் தொடங்குவான். ஜேசுதாசன் காலிலிருந்து அட்டையைப் பிடுங்கி, அதை எங்களிடம் காட்டி, ஊமைப் பாஷையில் திட்டித் தீர்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டுப் பெரியவர்கள் யாரும் மலையேறியதில்லை என்று பட்டாபியே கல்லூரியில் ஒருதடவை சொன்னது, பாதி ஏற்றத்தில் எனக்கு ஞாபகம் வந்தது.

பொங்கலாப்பாறையில் இரவு தங்கினோம். காலையில் காணிக்காரர் அங்கேயே பாத்திரங்களோடு இருந்துகொண்டார். "மேல பாறைதான். கயித்தப் புடிச்சிப் போங்க. மேகம் எறங்கினா இருந்த எடத்துல இருங்க" என்றார். அவருக்கு மட்டும் சத்தியம் இல்லை.

பாறையில் பாதி ஏறியபோது மேகம் இறங்கியது. என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. நானும் ஜேசுதாசனும் தளவாயும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பட்டாபி முன்னால் போயிருந்தான். மேலே எங்கோ கல் ஒன்று பெயர்ந்து உருண்டது. சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்து, நின்றது. அந்தப் பக்கம் பாறை செங்குத்தாக இறங்குகிறது.

ஜேசுதாசன் கையைத் தட்டினான். பதில் இல்லை. மறுபடி தட்டினான். தளவாயின் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது. உதடு அசைந்து அசைந்து மூடியது. பிறகு கத்தினான்.

"பட்டாபீ!"

காடு முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஏலே பட்டாபி, எங்கலே இருக்க? ஒரு சத்தம் குடு! அகத்தியர் என்னையக் கேக்கட்டும். நீ வாயத் தொறலே!"

பனி அசையவில்லை. விழுந்துவிட்டான் என்றே நினைத்தேன். அப்போது தளவாயின் குரல் மாறியது. கத்தலை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவனிடம் பேசுவதுபோல் பேசினான்.

"உனக்குக் காது கேக்குதுலா? நீ அங்கனதான் இருக்க. எனக்குத் தெரியும். பதில் பேசினா மௌனம் போயிரும், அப்புறம் நான் சொல்லுததக் கேக்கணும். அதுக்குத்தான இந்தக் கூத்து? சரி, பேசாத. கேளு. நானும் பார்கவியும் கல்யாணம் பண்ணப் போறோம். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி. உங்கிட்டச் சொல்லாம வர மாட்டேன்னு சொல்லிட்டா. அதான் சொல்லுதேன். அடிக்கணும்னா வந்து அடி. விழுந்து மட்டும் தொலைச்சிராதலே. அவ எம்மூஞ்சில முழிக்க மாட்டா."

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. பிறகு வலது பக்கத்திலிருந்து மணி. ஒரே ஒரு தடவை.

அந்தத் திசையில் தவழ்ந்து போனோம். மேகம் வந்த வேகத்திலேயே விலகியது. பட்டாபி நாங்கள் நின்ற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான், ஒரு பாறை விளிம்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். முட்டியில் ரத்தம். மடியில் பை. கை பைக்குள் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. தளவாய் கையை நீட்டினான். பட்டாபி அதைப் பிடித்து எழுந்தான். எழுந்ததும் விட்டுவிட்டான்.

உச்சியில் காற்று கற்பூரத்தை அணைத்துக்கொண்டே இருந்தது. ஜேசுதாசன் தன் சட்டையைக் கழற்றி மறைப்புப் பிடித்தான். அகத்தியர் சிலைக்கு முன்னால் பட்டாபி மணி அடித்தபோது, கீழே கேட்டது இதே ஒலியா என்று காதைத் தீட்டினேன். அதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

மறுநாள் இஞ்சிக்குழி ஆற்றில் மூன்று பேரும் குதித்தோம். தண்ணீருக்கு வெளியே தலை வந்ததும் ஜேசுதாசன் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். பட்டாபி கரையில் உட்கார்ந்து கால் மட்டும் நனைத்தான்.

"ஏலே, குளிலே. குளிச்சாத்தான் பேசலாம். நீதான சொன்ன?" என்றான் ஜேசுதாசன்.

பட்டாபி காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். படகில் பேசவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கல்லிடைக்குறிச்சி ஆற்றுப் படித்துறையில் பார்கவி என்னைப் பிடித்தாள். குடம் இடுப்பில் இருந்தது.

"அண்ணா இன்னும் மௌனமா இருக்கான். வெள்ளிக்கிழமை வரைக்கும் விரதம்னு சிலேட்டுல எழுதிக் காட்டினான். பள்ளிக்கூடத்துக்கு லீவு. அவர் சொல்லிட்டேங்கறார். எனக்கு அது போறாது. நீங்க சொல்லுங்கோ. அண்ணா கேட்டானா?"

"கேட்டான். மணி அடிச்சான்."

"அவனா அடிச்சானா, பையில தானா ஆடித்தா?"

அவள் கண்களைப் பார்த்துக்கொண்டு யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. "அவன்தான் அடிச்சான்" என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் அவள் கிளம்பிவிட்டாள். பட்டாபி வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான் என்றும், பையோடு இறங்கியவளுக்கு வழிவிட்டுச் சைக்கிளை நகர்த்தினான் என்றும் அவள் பிறகு சொன்னாள். வீட்டில் தேடத் தொடங்கியபோது அவன் அப்பா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாராம். "நீ வாசல்லதானேடா இருந்தே? எங்கடா போனா? வாயைத் திறந்து சொல்லேண்டா!" அவன் சிலேட்டைக்கூடத் தொடவில்லையாம். தெருவே கூடிக் கேட்டும் நின்றபடி நின்றிருக்கிறான். பகல் பஸ்ஸில் ஆள் வந்து, அம்பாசமுத்திரத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகு துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். தலை நனையக் குளித்துவிட்டு வந்து அப்பாவிடம், "சாப்பிட வாங்கோ" என்றான்.

தளவாயும் பார்கவியும் நாங்குநேரியில் கடை வைத்திருக்கிறார்கள். ஒரு மகள், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். பட்டாபி தலைமையாசிரியர் ஆனான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் அப்பா இறந்தபோது பார்கவி வந்தாள். அவனே இலை போட்டுப் பரிமாறினான். தளவாயோடு மட்டும் இன்றுவரை பேசுவதில்லை. ஜேசுதாசன் ஸ்டுடியோவை மூடிவிட்டு மகனோடு நாகர்கோவிலில் இருக்கிறான். நான் தபால் இலாகாவில் சேர்ந்து ஓய்வுபெற்றுவிட்டேன். மணியைப் பற்றிப் பட்டாபியிடம் நான் கேட்டதில்லை.