கெனெரிஸின் பின்னால் போன ஏரி

கெனெரிஸ் கல்யாணமாகிக் கணவன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, ஆர்வெலன் சீமையின் ஏரி அவள் குதிரைக்குப் பின்னாலேயே போய்விட்டது. வாத்துகள் அதன் மேல் மிதந்தபடி போயின. கணவாயில் இடம் போதாமல் ஏரி சற்று ஒடுங்கி, அந்தப் பக்கம் இறங்கியதும் மறுபடி அகன்றுகொண்டது. சேற்றில் சாய்ந்து கிடந்த பரிசல்களுக்கு நடுவே மீனவர்கள் நின்றார்கள். "சீதனத்துல ஏரியைச் சேர்க்கலையேடா," என்றான் ஒருவன். "சேர்க்கச் சொல்லியிருந்தா அந்தக் கஞ்சன் எய்னியன் கல்யாணத்தையே நிறுத்தியிருப்பான்," என்றான் இன்னொருவன்.

எய்னியன் அவளுடைய அண்ணன். கல்யாணத்துக்கு முன்பே, அப்பா மெய்லிர் இறந்ததும், வேல்ஸ் நாட்டு வழக்கப்படி மகன்கள் சீமையைப் பங்கு போட்டார்கள். இளையவன் பிரிக்க வேண்டும், மூத்தவன் முதலில் எடுக்க வேண்டும். தம்பி இத்வால் ஏரியையும் வயல்களையும் ஒரு பங்காக்கினான், மலையையும் மேய்ச்சலையும் இன்னொன்றாக்கினான். எய்னியன் யோசிக்காமல் ஏரிப் பக்கத்தை எடுத்தான். பெண்ணுக்கு நிலத்தில் பங்கு இல்லை என்பதால் கெனெரிஸை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏரி போனபின் எய்னியனின் மாவு ஆலை நின்றது, மாடுகள் சாகத் தொடங்கின. தம்பி தெரிந்தேதான் அப்படிப் பிரித்தான் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. மறுபடி பங்கு பிரிக்கக் கேட்டான். "ஓடிப்போன தண்ணிக்கு நானா காவல்?" என்று சிரித்தான் இத்வால். அந்தச் சிரிப்பை எய்னியன் மறக்கவில்லை. அறுவடை விருந்துக்கு அழைத்து, வந்தவனைப் பிடித்துக் கட்டினான். கூடப்பிறந்தவனைக் கொல்வது பாவம். ஆனால் குருடன் சீமையை ஆள முடியாது. ஆகவே கண்களைப் பறிப்பதுதான் அக்காலத்து நாகரிகம்.

செய்தி கேட்டதும் கெனெரிஸ் மாவு பிசைந்த கையோடு கணவாய் தாண்டி ஓடி வந்தாள். அவள் முற்றத்தில் நுழைந்தபோது ஒரு கண் போயிருந்தது. அடுத்ததற்கு இரும்பு காய்ந்துகொண்டிருந்தது. அவள் பின்னாலேயே ஏரியும் நுழைந்து கங்குகளை அணைத்தது.

"அண்ணே, விடு அவனை."

"பொட்டச்சிக்கு இங்க என்ன பேச்சு? உனக்கு நிலத்துல ஒரு சாண் கிடையாது."

"நிலத்தை யார் கேட்டா? எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ. தம்பியைக் குடு."

முழங்கால் தண்ணீரில் நின்ற எய்னியன், குடிக்க ஓடி வந்த மாடுகளைப் பார்த்தான். "குடுத்தா தண்ணி இங்கயே இருக்குமா?"

"நான் இருக்கிற இடத்துல இருக்கும். என் தம்பி இருக்கிற இடத்துல நான் இருப்பேன்."

எய்னியனின் ஆட்களே இத்வாலின் கட்டுகளை அவிழ்த்தார்கள். அவர்கள் வீட்டு மாடுகளும் தாகத்தில்தான் இருந்தன. அவள் தம்பியின் கையைப் பிடித்து, அவன் பங்கு மலையில் ஏறினாள். ஏரியும் ஏறியது. "மேட்டுல ஏறுற தண்ணி எந்த ஊர்ல உண்டு?" என்று எய்னியன் கத்தினான். பரிசல்களை முதுகில் கவிழ்த்துக்கொண்டு ஊரே பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஊனமுற்றவன் தலைவனாக முடியாது என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். இத்வால் ஒப்புக்கொண்டான். பிறகு அந்தப் பெரியவர்களே தங்கள் வழக்குகளை அவனிடம் கொண்டுவந்தார்கள். கெனெரிஸின் கணவன் குர்கன் சில மாதம் கோபமாக இருந்துவிட்டு, விதை பார்லியுடன் வந்து அங்கேயே தங்கினான். ஒரு வறட்சியில் எய்னியன் தானே மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே வந்தான். இத்வால் பரிசலை நகர்த்தி வழிவிட்டான். மாடுகள் குடித்து முடிக்கும்வரை, ஏரி நகர்ந்துவிடாதபடி, கெனெரிஸ் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அவள் முதுமையில் இறந்தபோது, கீழே தேவாலயத்து மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்றார் பாதிரியார். அவளோடு ஏரியும் இறங்கினால் பீடம்வரை தண்ணீர் வரும் என்று மீனவர்கள் அளந்து காட்டினார்கள். அவர் சிலுவையை எடுத்துக்கொண்டு மலையேறினார்.