ஸ்டெப்னியைப் பிடித்த கை

...நேராகத்தானே உட்கார்ந்திருக்கிறேன், இதற்கு மேல் எப்படி நேராக உட்காருவதாம் என்று வனஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, முக்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு இந்த நோயல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான், முப்பது வயசு இருக்குமா, தொம்மலூரில் பேக்கரி மாடியில் ஒரு அறை, ஒரு பாய், ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி, உடம்பை இறுக்காமல் உட்காரவும் நிற்கவும் நடக்கவும் சொல்லித் தருகிறானாம், ஐம்பத்து மூன்று வருஷமாய் அவள் வேறென்ன செய்துகொண்டிருந்தாளாம்? தைலம் தேய்த்தாயிற்று, ஊசி போட்டாயிற்று, இடது தோள்பட்டை இழுத்துப் பிடித்தது பிடித்ததுதான்... ஆறு மாசமாய் எத்திராஜின் ஸ்கூட்டரில் ஏறவில்லை, ரோட்டில் ஒவ்வொரு ஹம்ப் மேட்டுக்கும் கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் சுள்ளென்று ஓடும், யாரால் முடியும்? அந்த வண்டியைத் தள்ளிவிடுங்கப்பா என்று மகன் பாலகுமார் பிடிவாதம், ஞாயிற்றுக்கிழமை வாங்குகிற ஆளையே கூட்டி வருகிறானாம். காலையில் எத்திராஜ் பேப்பரை மடித்து வைத்தார், "ஒங்கம்மா பின்னாடி ஒக்காந்தா வண்டி இருக்கட்டும். இல்லன்னா எனக்கு மட்டும் எதுக்குடா" என்றார், எழுந்து போய்விட்டார், மனுஷன் வீட்டுக்காரி இறந்துபோன மாதிரியா பேசுவது? இன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு.

"ஆன்டி, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. அதான் இங்க வேலை" என்றான் நோயல், அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. இரண்டு விரலால் இடது தோளைத் தொட்டான், இன்னொரு கை வலது விலாவில், தள்ளக்கூட இல்லை, லேசாக நகர்த்தினான், அவ்வளவுதான், ஐயோ விழப் போகிறோம் என்று முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். "வலப்பக்கம் சாயறேன் தம்பி." ஸ்வல்ப, கொஞ்சம் கண்ணாடியைப் பாருங்கள் என்றான். பார்த்தாள்... தூண் மாதிரி நேராக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் இத்தனை நாள் நேர் என்று நினைத்ததெல்லாம் இடப்பக்கம் சாய்ந்ததா? இடது கையில் ரொம்ப வருஷமாய் எதையாவது பிடித்துக்கொண்டே இருந்தீர்களா என்று கேட்டான், சும்மா இருக்கும்போதும் பிடித்த மாதிரியே இருக்கிறதாம். குனிந்து பார்த்தாள், மடியில் கிடந்த விரல்கள் வளைந்திருந்தன, தடிமனாய் எதையோ சுற்றி.

எதைப் பிடித்தாள்... ஸ்டெப்னியை, வேறெதை! கல்யாணமாகி மூன்றாம் நாள், எழுபத்தாறில், புது ஸ்கூட்டரில் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்தார்கள், புடவை கட்டினவள், காலிரண்டும் இடப்பக்கம் தொங்க, வலது கையை அவர் தோளில் போட்டிருந்தாள், வாசலில் மாமியார் வேதநாயகி நின்றிருந்தாள். "ரோட்டுல போறவனுக்கெல்லாம் சினிமா காட்டணுமா? பின்னாடி டயர் எதுக்கு வெச்சிருக்கான், அதப் புடிச்சுக்க." அன்றைக்கு எடுத்த கைதான். பிரேக் போட்டால் உடம்பு தன்னால் அவர் முதுகுப் பக்கம் சரியும், சரியவிடாமல் இடது கையால் ஸ்டெப்னியை இழுத்துப் பிடித்து, தோளை முறுக்கி, நடுவில் ஒரு ஜாண் இடம் விட்டு... தினமும் காலையில் அல்சூரில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு அவர் பீன்யாவுக்கு, லேத்து வேலைக்கு. என்ன காலையெல்லாம் அது, ஸ்வெட்டருக்குள்ளேயும் குளிரும், ஏரிக்கரையில் புகை மாதிரி பனி, முன்னால் நின்றுகொண்டு பாலகுமார் ஹாரனை அமுக்கிக்கொண்டே வருவான், அவர் ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டுவார், பாதியைக் காற்று கொண்டுபோகும், இவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவாள், ஈஜிபுராவில் வீடு கட்ட சைட் வேண்டாந்தானே என்று கேட்டதற்கும் அப்படித்தான் ஆமாம் போட்டாள், அதற்கு இன்றுவரை சண்டை... மாமியார் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. பார்க்க யாரும் இல்லை. கை மட்டும் விடவில்லையே, ஏன்?

அவள் படியிறங்கி வந்தபோது கீழே எத்திராஜ் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார், ஆறு மாசமாய் இதுதான், அவள் ஆட்டோவில், அவர் பின்னாலேயே ஸ்கூட்டரில், சாமி ஊர்வலம் மாதிரி. ஆட்டோ வேண்டாம் என்றாள். வலிக்குமே என்றார். வலித்தால் இறங்கிக்கொள்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தாள், இடது கை தன்பாட்டில் பின்னால் போயிற்று, போகும்போதே பார்த்துவிட்டாள், திருப்பிக் கொண்டுவந்து மடியில் போட்டாள், ஒன்றும் பண்ணாதே, ஒன்றும் பண்ணாதே... முதல் ஹம்ப்பில் வலித்தது, ஆனால் பாதிதான், பாதி எங்கே போயிற்று? மேம்பாலத்துக்குத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் ஒரு பஸ் குறுக்கே வர, அவர் சடாரென்று பிரேக் போட்டார். உடம்பு வலப்பக்கம் சரிந்தது. சரியட்டும் என்று விட்டாள். தோளும் கையும் கன்னமும், மொத்த எடையும் அவர் முதுகில்.

"என்ன வனஜா, தல சுத்துதா?"

"இல்லங்க. சும்மா சாஞ்சிருக்கேன்."

பஸ் போய்விட்டது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், வண்டி கொஞ்ச நேரம் நின்றபடியே நின்றது. பிறகு கிளம்பிற்று, மெதுவாக, மாட்டு வண்டி வேகத்தில். அவளுக்குத் தோள் லேசாகத்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வருகிறவனைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிடலாம், அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள், ஆனால் சட்டைக்கு உள்ளே அந்த முதுகு... பலகை மாதிரி, கல் மாதிரி, தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி நின்றன. இப்போது இவள் சாய்ந்ததால் இறுகினதா, இல்லை இருபத்தெட்டு வருஷமும் இப்படியேதான் ஓட்டிக்கொண்டு வந்தாரா, பின்னால் ஒருத்தி எப்போது சாய்வாள் என்று தெரியாமல்? இவருக்கு எங்கே வலிக்கும்? ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா...