பின்னறைத் தரை

தன் தங்கை வீட்டுப் பின்னறையில் தரையோடு ஒட்டிய வினைல் ஷீட்டை உரிக்க உட்கார்ந்த தரைக்காரர், ஒரு மணி நேரமாவது இடுப்பு ஒடியும் என்றுதான் நினைத்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன் அவரே பசை தடவி ஒட்டிய ஷீட் அது. அவர் ஒட்டினால் லேசில் வராது என்று தொழிலில் பேர். ஆனால் மூலையில் கத்தியைக் கொடுத்துத் தூக்கியதும், வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி அது பாட்டுக்குக் கையோடு வந்துவிட்டது.

அடியில் பசை கூழாகிக் கிடந்தது. குளியலறைச் சுவரையொட்டி சிமெண்டுத் தரை கரும்பச்சையாகப் பூத்திருந்தது. பாயைச் சுருட்டியபடி ஈரத்தில் போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து விரித்தால் வருமே, அந்த வாடை.

"அதுக்குள்ள உரிச்சிட்டீங்களா மச்சான்?" என்று கேட்டபடி தங்கை புருஷன் எட்டிப் பார்த்தார். பஸ் ஓட்டுகிறவர். இந்த வேலைக்காகவே மூன்று நாள் லீவு போட்டிருந்தார்.

"வந்திருச்சு மாப்பிள்ளை. பழைய பசை."

தங்கை போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. சளி என்று ஆரம்பித்து, நுரையீரல் என்று சொல்லி, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துப் போய்விட்டாள். அவள் படுத்திருந்த இந்த அறையில் இப்போது படுப்பது அவள் மகள், ஒன்பது வயதுச் சிட்டு. இரண்டு மாதமாக அவளுக்கும் இருமல். தூசி தங்காத தரையாகப் போடுங்கள் என்று டாக்டர் சொன்னதால், லேமினேட் பலகைப் பெட்டிகள் வந்து கூடத்தில் படுத்திருந்தன.

தரைக்காரர் பசையைச் சுரண்டினார். கூட்டினார். ஆறடிச் சட்டத்தைத் தரையில் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிந்த பள்ளங்களைப் பென்சிலால் வட்டம் போட்டார். ரசமட்டத்தை நாலு பக்கமும் வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க தங்கச்சி சொல்லுவா மச்சான். எங்க அண்ணன் சாப்பிட உட்கார்ந்தாக்கூட தட்டு மட்டமா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கை வைப்பார்னு."

தரைக்காரரும் சிரித்து வைத்தார்.

பிறகு ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜம் பிளாஸ்டிக் தாளை வெட்டி, கரும்பச்சைத் திட்டுக்குப் பக்கத்தில், பார்வைக்குக் காய்ந்திருந்த இடத்தில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினார். டேப்பின் மேல் தேதியும் மணியும் எழுதினார். தரைக்குள் ஈரம் இருந்தால் இரண்டு நாளில் பிளாஸ்டிக்கின் அடியில் வேர்த்துவிடும். இல்லையென்றால் காய்ந்தே இருக்கும்.

வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சிட்டு, "தரைக்கு ஜுரம் பாக்குறீங்களா மாமா?" என்றாள்.

"ஆமா. ரெண்டு நாள் யாரும் தொடக் கூடாது. உன் கை சும்மா இருக்குமா?"

"என் கை இருக்கும். அப்பா கைதான் இருக்காது," என்று சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் இருமத் தொடங்கினாள். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவள் அம்மாவும் அப்படித்தான் குனிவாள்.

யார் வீட்டு வேலையாக இருந்தாலும் இந்தப் பிளாஸ்டிக் சோதனையைத் தரைக்காரர் விட்டதில்லை. அவசரப்படுத்துகிறவர்களிடம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் விட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் தங்கை போன் செய்தாள். "அண்ணே, பின்னறைத் தரை ஈரமாவே இருக்கு. கால் வச்சா சில்லுங்குது. ஒரு எட்டு வந்து பாரேன்." அப்போது வேறொரு இடத்தில் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தார். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "மழைக்காலம், எல்லா வீட்லயும் இப்படித்தான் இருக்கும். நான் ஷீட் ஒட்டி விடுறேன், கால் சில்லுன்னு இருக்காது," என்றார். இரண்டு நாள் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. நம்ம வீடுதானே, ஏதாவது என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். மிச்சமிருந்த ஷீட்டைக் கொண்டுவந்து ஒரே சாயங்காலத்தில் ஒட்டி முடித்தார். தங்கை காபி கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

இப்போது பிளாஸ்டிக் ஒட்டிவிட்டுக் காத்திருந்த இரண்டு நாளும், பசை கெட்டுப்போயிருக்கும், ஷீட் மட்ட ரகமாக இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிளாஸ்டிக் காய்ந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை போனபோது டேப்பை எடுத்துப் பார்க்கவே தேவையில்லாமல் இருந்தது. பிளாஸ்டிக்கின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. தாளைத் தூக்கியதும் சொட்டுகள் ஓடிச் சேர்ந்து சின்னக் குட்டையாயின. அடியில் இருந்த சிமெண்டு சதுரமாகக் கறுத்திருந்தது.

எழுந்து போய் வீட்டுக் குழாய்களையெல்லாம் இறுக்கி மூடினார். வாசலில் தண்ணீர் மீட்டரின் முன்னால் குந்தினார். எங்கும் தண்ணீர் ஓடவில்லை. ஆனாலும் மீட்டரின் சின்னச் சக்கரம் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

"என்ன மச்சான், மீட்டரைப் போய்ப் பாக்குறீங்க?"

"குளியலறைக் குழாய் தரைக்கடியில கசியுது மாப்பிள்ளை. அறை பூரா ஈரம்."

"இப்ப என்ன பண்றது? பிளாஸ்டிக் விரிச்சு அது மேல பலகையைப் போட்டுட முடியாதா? புள்ளைய எத்தனை நாள் கூடத்துல படுக்க வைக்கிறது?"

முடியும். கெட்டிப் பிளாஸ்டிக், அதன்மேல் மெத்தென்ற விரிப்பு, அதன்மேல் பலகை. இரண்டு வருடம் ஒன்றும் தெரியாது. அறை பளபளவென்று இருக்கும். குழாய் மேல் பழியைப் போட்டு, போன மாதம்தான் கசிய ஆரம்பித்தது என்று சொன்னாலும் மாப்பிள்ளை நம்புவார். கூடத்தில் சிட்டு இருமினாள்.

"கூடாது. அந்த ஈரத்துல பூஞ்சை பூத்திருக்கு. அதை மூச்சில இழுத்தா நெஞ்சுக்கு ஆகாது. புள்ளை இனி இந்த அறைக்குள்ள வரவே கூடாது." நிறுத்தினார். "இது இப்ப வந்த ஈரம் இல்ல மாப்பிள்ளை. நான் ஷீட் ஒட்டும்போதே இருந்துச்சு. அன்னிக்கு நான் இந்தச் சோதனையைப் பண்ணல. கையை வச்சுப் பார்த்துட்டு மூடிட்டேன்."

மாப்பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆஸ்பத்திரியில முதல் நாளே கேட்டாங்க," என்றார். "வீட்ல ஈரம் இருக்கான்னு. உங்க தங்கச்சி சொன்னா, இல்ல டாக்டர், எங்க அண்ணன் தரை போடுறவர், அவரே வந்து பார்த்துட்டார்னு. அதை எழுதிக்கிட்டாங்க."

தரைக்காரர் மீட்டரின் மூடியைச் சாத்தினார்.

"அப்புறமும் ரெண்டு மூணு தடவை சொன்னா மச்சான், அறையில ஏதோ வாடை வருதுன்னு. நான்தான் வாயை அடைச்சேன். உங்க அண்ணனை விட உனக்குத் தெரியுமான்னு."

ஈரத்தால்தான் அவள் செத்தாள் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. அப்படி இல்லை என்று சொல்லவும் இப்போது ஆளில்லை.

"நானே உடைச்சுச் சரி பண்ணிடுறேன் மாப்பிள்ளை. குழாயை மாத்தி, காய விட்டு..."

"வேண்டாம். வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

"கோபத்துல சொல்றீங்க."

"கோபம் இல்ல. நீங்க இந்தத் தரையில மறுபடியும் கை வச்சா, நான் அவகிட்ட சொன்னதுதான் எனக்குக் காதுல கேட்கும்." அவர் கூடத்துப் பக்கம் திரும்பினார். "சிட்டு, துணியை எடுத்து வை. என் அக்கா வீட்டுக்குப் போறோம்."

சிட்டு பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வாசற்படியில் நின்றாள். "தரைக்கு ஜுரமா மாமா?"

"ஆமாம்மா."

"மருந்து போடுவீங்களா?"

"வேற ஒரு மாமா வந்து பார்ப்பார்."

அவர்கள் போனதும் தரைக்காரர் சாமான்களைப் பையில் போட்டார். ரசமட்டத்தைத் துடைத்து உறையில் நுழைத்தார். பென்சிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முழங்காலிட்டு, குளியலறைச் சுவரிலிருந்து அளந்து, உடைக்க வேண்டிய இடத்துக்குக் கோடு போட்டார். அடுத்து வருகிறவன் யாரென்று அவருக்குத் தெரியாது. கோட்டுக்கு மேல், காய்ந்திருந்த இடமாகப் பார்த்து, எழுத்தெழுத்தாக எழுதினார்:

"குழாய் இந்த வழியாகப் போகிறது. குழந்தை படுக்கும் அறை. முழுக்கக் காய்ந்த பிறகும் இரண்டு நாள் பிளாஸ்டிக் ஒட்டிப் பார்க்கவும். இதற்கு முன் போட்டவன் பார்க்கவில்லை."

எழுதி முடித்து, கீழே தேதியும் மணியும் போட்டார்.