சூடாகாத பெட்டி

"முதல்ல அந்த வயரைக் கழட்டுடா, தூக்குறவங்க கால்ல சிக்கிக்கப் போகுது" என்றாள் அக்கா.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் கம்பியோடு டேப் சுற்றி ஒட்டியிருந்த பொத்தானைப் பிரித்துக்கொண்டிருந்தான். வாசலில் வண்டி வந்து காத்திருந்தது. தூக்க வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்று, அவசரமில்லை என்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேப்பை இறுக்கிச் சுற்றியவன் அவனேதான், இப்போது அது வருவேனா என்றது. அப்பாவின் கைகள் இரண்டையும் மார்பின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் பறித்துக்கொண்டதிலிருந்து அவருக்கு மிச்சமிருந்தது இடது கை மட்டும்தான். அந்தக் கைக்காகத்தான் இந்தப் பொத்தான்.

தெருவில் அவனுக்குப் பெயரே ஸ்டெபிலைசர். வீட்டு முன்னறைதான் கடை. யார் வீட்டில் டியூப் லைட் கண் சிமிட்டினாலும், ஃபிரிட்ஜ் முனகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா படுத்த பிறகு அவனே உட்கார்ந்து செய்த அழைப்பு மணி இது. பொத்தானை அழுத்தினால் முன்னறையில் மணிக்குள்ளிருந்து குருவி கத்தும். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அதை இடது கையால் சுட்டிக்காட்டி, பிறகு அவனைச் சுட்டிக்காட்டுவார்.

வயர் ஒருவழியாகக் கையோடு வந்தது. தூக்கினார்கள்.

வண்டியில் எதிர்வீட்டுத் தையல்காரர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசாமல் வர அவருக்கு வராது.

"அந்தப் பெல்லை என்னமா அடிப்பார் உங்கப்பா! காலம் பூரா பஸ்ஸுல ஹாரன் அடிச்ச கை, சும்மா இருக்குமா? நான் மெஷின்ல உட்கார்ந்து கண்ணு சொக்குற நேரமாப் பார்த்துதான் அடிப்பார்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முகம் இறுகிக் கிடந்தவனுக்கு அது கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

"ஆனா சாயங்காலமானா ஒரு சத்தம் வராது" என்றார் தையல்காரர். "டிரைவருக்கு டியூட்டி முடிஞ்சு போச்சுன்னு நான் சொல்லுவேன். என் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிப்பா."

அவன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மயானத்தில் யார் என்ன செய்யச் சொன்னார்கள், அவன் என்ன செய்தான் என்பதெல்லாம் அவனுக்குச் சரியாக நினைவில்லை.

அப்பா போனது நேற்று சாயங்காலம்.

சாயங்காலங்களில் அவன் வீட்டில் இருப்பதே இல்லை. ஊரே விளக்கைப் போட்டு வோல்டேஜ் இறங்கும் நேரத்தில்தான் அவனுக்குப் பிழைப்பு. நேற்றும் யாரோ ஒருவர் வீட்டில் ஏணி மேல் நின்றிருந்தபோதுதான் மனைவியின் போன் வந்தது.

திரும்பி வந்து குளித்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு, அவன் அப்பாவின் அறைக்குள் போய் வயரை மறுபடி மணிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியில் மாட்டினான். வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. மின்விசிறி தளர்ந்து சுற்றியது. பொத்தானை அழுத்தினான். முன்னறையிலிருந்து விக்கல் போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி அழுத்தினான். அதுவும் இல்லை.

"இன்னைக்குப் போய் இதைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கணுமாடா?" என்று கூடத்திலிருந்து அக்கா கேட்டாள். அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. அடாப்டரிலிருந்து வருவது குருவிக்கு அதிகம், அப்படியே கொடுத்தால் எரிந்துபோகும். அதற்காக ஒரு ஜீனர் டயோடு போட்டிருந்தான். அரிசியளவு கண்ணாடிக் குழாய், ஒரு முனையில் கறுப்புக் கோடு. மாடித் தொட்டியில் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாமல் வழிந்துபோக ஒரு குழாய் விட்டிருப்பார்களே, அந்த வேலையைத்தான் அது செய்யும். அதிகப்படியை எல்லாம் தன் வழியாக விட்டுவிட்டு, வோல்டேஜை ஒரே மட்டத்தில் பிடித்துவைக்கும். எவ்வளவு உள்ளே வரலாம் என்பதை அதற்கு முன்னால் இருக்கும் ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும். மணி அடிக்காத நேரத்தில் வருவது மொத்தமும் ஜீனர் வழியாகவே போவதால் அது கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்.

அந்தச் சூட்டில்தான் எல்லாம் கெட்டது. பெட்டி தலைமாட்டில் இருந்தது. மாட்டிய புதிதில் அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். மனசு கேட்காமல் அவன் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய மதிப்பில் வேறொன்று போட்டான். வருவது குறைந்தது, சூடும் போனது. அவர் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்து, "இப்பப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கு" என்றான். குருவியும் நன்றாகத்தான் கத்தியது. அப்போது மணி பகல் பன்னிரண்டு. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி அடாப்டரே சோர்ந்துபோனால், மணியே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஜீனருக்கு ஒன்றும் மிஞ்சாது, மட்டம் சரிந்துவிடும். இது கூடவா தெரியாது? ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கூலி வாங்குகிறவன். சொந்த வீட்டில் மட்டும் எந்நேரமும் பகல் பன்னிரண்டு என்று நினைத்துவிட்டான்.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"சாயங்காலத்துல இது அடிக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"மாமாவுக்குத்தாங்க முதல்ல தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"சொன்னேனே. அவருக்கு அழுத்தத் தெரியலைன்னீங்க. நான் பண்ணின சாமானையே குறை சொல்றியான்னு கத்துனீங்க. அது அவர் காதுலயும் விழுந்துச்சு. அப்புறம் நான் மறுபடி சொல்லப் போனப்ப, வேண்டாம்னு கையை ஆட்டிட்டார்." அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "சாயங்காலம் ஏதாவது வேணும்னா டம்ளரால கட்டில்ல தட்டுவார். எனக்குக் கேட்டுடும்."

"அப்போ பகல்ல எதுக்கு ஓயாம அழுத்தினார்? போய் என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னு தலையை ஆட்டுவார். வேலை நேரத்துல விளையாடாதீங்கன்னு எத்தனை தடவை சத்தம் போட்டிருக்கேன்."

"நீங்க செஞ்சது நல்லா வேலை செய்யுதுன்னு உங்களுக்குக் காட்டத்தான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒவ்வொரு முறையும் அவன் எரிச்சலோடு போய் நிற்பான், அப்பா பாதி முகத்தால் சிரிப்பார். பைத்தியக்காரத்தனம் என்று அவன் நினைத்திருந்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். வீட்டில்தானே இருந்தான், பக்கத்து அறையில்தானே இருந்தான்.

"நேத்து டம்ளர்ல தட்டலையா?" என்றான்.

அவள் விரலில் சுற்றிய முந்தானையை அவிழ்த்தாள்.

"டம்ளரை நான் கழுவ எடுத்துட்டுப் போயிருந்தேன். அப்படியே மாடியில துணியும் எடுக்கப் போயிட்டேன்." குரல் உடைந்தது. "கொஞ்ச நேரம்தாங்க. கீழ வந்து பார்த்தா..."

"தூக்கத்துலயே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரில்ல" என்றான் அவன் அவசரமாக.

"ம்."

"நீ பார்த்தப்ப அந்தக் கை எங்க இருந்துச்சு?"

அவள் பொத்தான் ஒட்டியிருந்த கட்டில் கம்பியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"போர்வைக்குள்ளதான் இருந்துச்சு" என்றாள்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைக்குப் போனாள், பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

அவன் முன்னறைக்குப் போய் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினான். பயனில்லாத வேலைதான். ஆனாலும் தப்பாக ஒன்றைச் செய்து அப்படியே விட்டுவைக்க அவனால் முடியவில்லை. பெரிய ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் பழைய மதிப்பிலேயே ஒன்றைப் பற்றவைத்தான். புகை கண்ணில் பட்டுக் கரித்தது, அது அப்போதைக்கு வசதியாகவும் இருந்தது. பெட்டியைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் மாட்டிக் கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்திருந்தான். சூடு ஏறியது.

விளக்கு இன்னும் மங்கலாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவன் பொத்தானை அழுத்தினான். முன்னறையில் குருவி கணீரென்று கத்தியது.

"இதோ வந்துட்டேன் மாமா" என்றாள் சமையலறையிலிருந்து அவள்.

பாத்திரச் சத்தம் நின்றது. குழாயில் மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.